நெதர்லாந்துக்கு முன்னால் நூறு கிலோமீட்டர்

வெள்ளிக்கிழமை, காலை 5.40. பொங்கல் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. கொளவாய் ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கி, செங்கல்பட்டில் எங்கள் தெருவின் விளக்குகள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. வீட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டு நானும் என் வீட்டுக்காரர் தாமோதரனும் சைக்கிள்களை வெளியே இறக்கினோம். என்னுடையது கேரியர் வைத்த லேடீஸ் சைக்கிள், கியர் கிடையாது, இரண்டாம் கையாக வாங்கியது. அவருடையது ஏழு கியர் வைத்த புது சைக்கிள். அத்தனை கியர் வைத்தவர்கள் ஒரு கேரியர் வைக்கவில்லை. ஆகவே இரண்டு பேர் துணிப்பையும் என் கேரியரில்தான் ஏறின.

எதிர்வீட்டு அக்கா கோலமாவு டப்பாவோடு நிமிர்ந்து பார்த்து, "இன்னா மகேசு, காலங்காத்தால ரெண்டு பேரும் எங்க?" என்றார்.

"நெதர்லாந்துக்குக்கா" என்றேன். அவர் கோலத்தில் ஒரு புள்ளியைத் தவறவிட்டார். நான் சொன்னது பாதிதான் பொய்.

விஷயம் இதுதான். எங்கள் மகள் கயல் மூன்று வருடமாக நெதர்லாந்தில் வேலை செய்கிறாள். வரும் மே மாதம் நாங்கள் அங்கே போகிறோம். ஊர் சுற்றிக் காட்டுவதற்குக் காரும் வேண்டாம், ரயிலும் வேண்டாம், சைக்கிளிலேயே போவோம் என்று அவள் திட்டம் போட்டாள். வாய்க்கால் ஓரமாகவே நாளைக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர். அங்கே சைக்கிளுக்கென்று செக்கச்செவேலெனத் தனி ரோடு, தனி சிக்னல். ரோடு பிரிகிற இடத்திலெல்லாம் ஒரு கம்பத்தில் நம்பர் எழுதியிருக்குமாம். போக வேண்டிய நம்பர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு இந்த நம்பர் விவகாரம் ரொம்பப் பிடித்துப்போனது. அவர் இருபத்தெட்டு வருடம் அரசு பஸ் ஓட்டியவர், அதில் பாதிக்கு மேல் செங்கல்பட்டு-மாமல்லபுரம் தடத்தில். போன வருடம்தான் ஓய்வு பெற்றார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவருக்குக் கயல் அனுப்பிய குரல் பதிவு ஒன்று என் காதில் விழும் வரை. நான் அப்போது அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அப்பா, நீ சொன்ன மாதிரியே ஒரே சைக்கிள் பாக்கறேன், பின்னாடி கேரியர் ஸ்ட்ராங்கா. இங்க டபுள்ஸ் போனா போலீஸ்லாம் புடிக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள கடைக்குச் சொல்லணும், மே மாசம் சீக்கிரம் தீர்ந்துடும்."

ஒரே சைக்கிள். அதாவது அவர் ஓட்டுவார், நான் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு நெதர்லாந்தைப் பார்ப்பேன். கையிலிருந்த கத்தியை முதலில் கீழே வைத்தேன். அது அவருடைய நல்ல நேரம்.

"உனக்கு இன்னாத்துக்கு மகேசு ரிஸ்க்கு? நீ சைக்கிளு கத்துக்கினே எட்டு மாசந்தான ஆவுது" என்றார்.

"எட்டு மாசமா எதுக்குக் கத்துக்கினேன்? கேரியர்ல குந்திக்கினு வரவா?"

அரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் எனக்குத் தெரிந்த வழிக்கு அவரைக் கொண்டுவந்தேன். நான் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கிரயப் பத்திரம் டைப் அடிக்கிறவள். வாயால் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஷரத்துகளை வரிசையாக எழுதினேன். மூன்று நாள், நூறு கிலோமீட்டர்: முதல் நாள் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது, இரண்டாம் நாள் அங்கிருந்து கோவளம் போய்த் திரும்ப நாற்பது, மூன்றாம் நாள் வீட்டுக்கு முப்பது. பஸ், ஆட்டோ ஏறக்கூடாது. தள்ளிக்கொண்டு நடந்த தூரம் கணக்கில் சேராது. மொத்த தூரத்தையும் சைக்கிள் மேல் உட்கார்ந்துதான் கடக்க வேண்டும். மீறுகிறவர் தோற்றவர். நான் முடித்துக் காட்டினால் இரண்டு சைக்கிள், இல்லையென்றால் ஒன்று. தள்ளியது சேராது, உட்கார்ந்தே கடக்க வேண்டும் என்ற இரண்டு கட்டுப்பாடுகளும் அவரே சேர்க்கச் சொன்னவை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கயலுக்கும் அனுப்பினோம்.

நான் சைக்கிள் கற்றுக்கொண்ட இடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு வெளியே மனை போட்ட நகர் ஒன்று இருக்கிறது. முகப்பில் பெரிய வளைவு, உள்ளே முப்பது அடி சிமென்ட் ரோடுகள், பூங்கா என்று எழுதிய பலகை, மஞ்சளும் சிவப்புமாக எல்லைக் கற்கள். ஒரு வீடுகூட இன்னும் எழும்பவில்லை. அங்கே இருக்கும் மனைகளில் பாதிக்குப் பத்திரத்தில் நான்கெல்லை டைப் அடித்தவள் நான். முப்பத்தேழாம் மனைக்குக் கிழக்கே யார், மேற்கே யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனால் கீழே விழுவதற்கும் அந்த இடம் எனக்குக் கூச்சமாக இல்லை.

நெதர்லாந்தில் வண்டிகள் எல்லாம் வலது பக்கமாகப் போகுமாம். ஆளில்லாத அந்த நகரில் அதற்கும் பயிற்சி எடுத்தோம். நான் முன்னால், அவர் பின்னால். நான் பழக்கதோஷத்தில் இடது பக்கம் ஒதுங்க, அவர் பதறிப்போய் "ரைட்! ரைட்!" என்று கத்தினார். பஸ்ஸில் போய்வந்து வளர்ந்த எந்தத் தமிழச்சிக்கும் "ரைட்" என்றால் ஒரே அர்த்தம்தான். வண்டியை எடு, போகலாம். நான் ஓங்கி மிதித்தேன். அவர் இன்னும் சத்தமாக "ரைட்! ரைட்!" என்றார். நான் இன்னும் வேகமாக மிதித்து, நாற்பத்திரண்டாம் மனையில் கொட்டியிருந்த எம்-சாண்டில் நேராகப் போய்ச் செருகிக்கொண்டேன். வாயெல்லாம் மணல். இருபத்தெட்டு வருடம் கண்டக்டரிடம் அந்த வார்த்தையைக் கேட்டு வண்டியை எடுத்த மனிதர், என்ன தவறு செய்தோம் என்று புரிந்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் வலது பக்கம் என்றால் சோத்தாங்கை, இடது பக்கம் என்றால் பீச்சாங்கை. ரைட் என்றால் போகலாம் மட்டும்தான்.

காலை 6.15. வல்லம் தாண்டினோம். குடைவரைக் கோயில் இருக்கும் குன்று பனிக்குள் பாதி தெரிந்தது. நான் பீச்சாங்கை ஓரமாக முன்னால் போக, அவர் இரண்டு சைக்கிள் தூரம் விட்டு, கொஞ்சம் ரோட்டுப் பக்கமாகவே வந்துகொண்டிருந்தார். திருமணி அருகே பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஓட்டி வந்தது அவரோடு வேலை பார்த்த பாபு. எங்களுக்குச் சமமாக வந்ததும் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாண்ணாத்த, பஸ்ஸ புடுங்கிக்கினு சைக்கிள குட்த்துட்டாங்களா?"

"நீ ரோட்ட பாத்து ஓட்டு நைனா!" என்றார் இவர். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

காலை 7.20. திருக்கழுக்குன்றம், பதினான்கு கிலோமீட்டர். சங்கு தீர்த்தக் குளத்துக்கு எதிரே டிபன். பொங்கல் நாற்பது ரூபாய், வடை பத்து. கண்டக்டருக்கு அவசரமில்லாத பஸ் போல என் வீட்டுக்காரர் சரியாக இருபது நிமிடம் நிறுத்தினார். கடையில் இருந்தவர்கள் என் ஹெல்மெட்டைப் பார்த்து ஸ்கூட்டி எங்கே என்று தேடினார்கள்.

அதற்குப் பிறகுள்ள ரோடு டிப்பர் லாரிகளுக்குச் சொந்தமானது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எச்சூர் நெருங்கும்போது ஒன்று என் முதுகுக்குப் பின்னாலேயே ஏர்ஹாரனை அலறவிட்டது. உடம்பெல்லாம் தூக்கிப்போட்டது. தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கினேன், முன்சக்கரம் சரளையில் வழுக்கியது, கீழே கிடந்தேன். வலது முழங்கால் தோல் உரிந்து, சுடிதார் கிழிந்து, ரத்தம்.

அவர் தன் புது சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். தண்ணீர் பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். காலைக் கழுவிவிட்டுக்கொண்டே பேசினார்.

"இருவத்தெட்டு வருசம் ஓட்டிகீறேன் மகேசு. ரோட்டோரம் சைக்கிள்ல போற பொம்பளைங்கள கண்ணாடில பாத்துக்கினே போவேன். விழுந்துடப் போறாங்களோன்னு வண்டிய ஸ்லோ பண்ணிடுவேன். உன்ன அந்தக் கண்ணாடில பாக்க வேணான்னுதான் ஒரு சைக்கிளு போதும்னேன்."

இதை அவர் வீட்டிலேயே சொல்லியிருந்தால் அவரைக்காய் சண்டை பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் சண்டை போடாமல் விட்டிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"ஏறிக்கலாமா? கயலுக்குச் சொல்ல மாட்டேன். சத்தியமா" என்றார்.

"ஷரத்து மூணு, பஸ் ஏறக்கூடாது" என்றேன்.

கால் வலியில் முதலில் இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். ஒரு டீக்கடை வந்தது. டீ குடித்துத் தெம்பு வந்ததும் சைக்கிளைத் திருப்பினேன். விழுந்த இடத்துக்குத் திரும்பிப் போய், அந்த இருநூறு மீட்டரையும் ஓட்டிக்கொண்டு வந்தேன். "உடு மகேசு, இருநூறு மீட்டருதான!" என்று அவர் டீக்கடையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். டீக்கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தள்ளிய தூரம் கணக்கில் சேராது என்று எழுதச் சொன்னது யார்?

காலை 10.35. பூஞ்சேரி கூட்ரோடு தாண்டி மாமல்லபுரத்துக்குள் நுழைந்தோம். போனில் தூரம் முப்பது என்று காட்டியது. சிற்பப் பட்டறைகளில் கல் அறுக்கும் மெஷின் சத்தம் காதைத் துளைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த எனக்கு அது மேளச் சத்தமாகக் கேட்டது. கடற்கரைப் பக்கம் ஒரு லாட்ஜில் நாளொன்றுக்கு ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு அறை எடுத்தோம். சைக்கிள்களை எங்கே நிறுத்துவது என்று கேட்டதற்கு, கார் நிறுத்துமிடத்தில் ஒரு கார் அளவுக்கு இடம் ஒதுக்கித் தந்தார்கள்.

சனிக்கிழமை, காலை 5.30. முழங்காலில் பிளாஸ்திரியோடு ஈசிஆரில் வடக்கே திரும்பினோம். கிழக்கே கடல், மேற்கே சவுக்குத் தோப்பும் ரிசார்ட் சுவர்களும், தெற்கே நேற்று விழுந்த வலி, வடக்கே கோவளம். இதற்குட்பட்ட இருபது கிலோமீட்டர் என்று மனதுக்குள் டைப் அடித்துக்கொண்டேன். எதிரே வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. நெதர்லாந்தில் மலை கிடையாது, மலைக்குப் பதில் காற்றுதான் என்று கயல் சொல்லியிருந்தாள். சாளுவன்குப்பத்திலிருந்து பட்டிபுலம் வரை நான் காற்றில் மலையேறினேன்.

என் வீட்டுக்காரர் நெதர்லாந்து மாதிரியே நம்பர் தாள் ஒன்று தயாரித்து என் ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்தார். ஒன்று மாமல்லபுரம், ஐந்து நெம்மேலி, ஏழு திருவிடந்தை, எட்டு கோவளம் என்று, அவருக்குத் தெரிந்த பஸ் நிறுத்தங்களாகவே. ஒவ்வொரு நம்பர் வரும்போதும் பின்னாலிருந்து அவர் குரல் வரும். "நாலு! இறங்கறவங்கல்லாம் இறங்கு!" யாரும் இறங்கவில்லை.

நெம்மேலிக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த சைக்கிள் கூட்டம் ஒன்று எதிர்ப்பட்டுத் திரும்பி எங்களைத் தாண்டியது. பளபளக்கும் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தெருவையே விலைக்கு வாங்கும் அளவுக்கு விலையுள்ள சைக்கிள்கள். ஒருவர் கட்டைவிரலைத் தூக்கி, "சூப்பர் ஆன்ட்டி!" என்றார். நாலு கிலோமீட்டர் கழித்து அவர்கள் அத்தனை பேரும் ஒரு கடை வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். நான் பெல்லை இரண்டு முறை அடித்துவிட்டுத் தாண்டிப் போனேன். கட்டைவிரலை நானும் தூக்கினேன்.

காலை 7.30. கோவளம். படகுகள் கரைக்கு வந்திருந்தன, மசூதிப் பக்கத்துத் தெருவில் நாஸ்தா கடைகளில் கூட்டம். மீன் கூறு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, வியர்வையில் நனைந்து நின்ற என்னைப் பார்த்தார்.

"எங்கருந்து வர்ற?"

"செங்கல்பட்டுலருந்துக்கா."

"சைக்கிள்லயா? ஏன், பஸ்ஸு ஓடலியா இன்னிக்கு?"

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். மகள், நெதர்லாந்து, ஒரு சைக்கிளா இரண்டு சைக்கிளா. அவர் வஞ்சிரத்தின் மேல் ஐஸை அள்ளிப்போட்டுக்கொண்டே முழுவதும் கேட்டார். பிறகு என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்து, "ரெண்டு சைக்கிளு வாங்கிக் குடு நைனா, காலு கீதுல்ல அதுக்கு" என்றார். என் வீட்டுக்காரர் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார். நான் டீ வாங்கிக் குடித்தேன், பதினைந்து ரூபாய், இந்தப் பயணத்திலேயே ருசியான டீ அதுதான்.

திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது. காலை 9.50க்கு மாமல்லபுரம். லாட்ஜ் மாடியில் தோசை தின்றுகொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, எழுபது வயது இருக்கும். அந்த அம்மா என் ஹெல்மெட்டைக் காட்டி ஏதோ கேட்டார். என் இங்கிலீஷ் பத்திர இங்கிலீஷ். "மேற்படி சாலையில், மேற்படி சைக்கிளில்" என்கிற கணக்கில்தான் பேச வரும். எப்படியோ பேசினோம். அவர்கள் நெதர்லாந்துக்காரர்கள்! அந்த அம்மா நாலு வயதிலிருந்து தினமும் சைக்கிள் ஓட்டுகிறாராம், மழையிலும் ஓட்டுவாராம். இங்கே ஓட்டினீர்களா என்று கேட்டேன். இரண்டு கையையும் எடுத்துக் காதுக்கு மேல் வைத்துக்கொண்டார். இங்கே ரோட்டைக் கடப்பதற்கே தன் கணவர் கையைப் பிடித்துக்கொள்வதாகவும், சைக்கிளை நினைத்தும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். நேற்றும் இன்றும் எழுபது கிலோமீட்டர் ஓட்டினேன் என்றேன். அவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

டபுள்ஸ் பற்றியும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அங்கே பின்னால் ஏறுகிறவர் முதலிலேயே உட்கார மாட்டாராம். ஓட்டுகிறவர் மெல்லப் புறப்பட்டதும், கூடவே ஓடிவந்து பக்கவாட்டில் தாவிக் கேரியரில் உட்கார்ந்துகொள்வாராம். இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் என் வீட்டுக்காரர் முகம் மாறியது. ஓடும் பஸ்ஸில் தாவி ஏறும் காலேஜ் பையன்களை இருபத்தெட்டு வருடம் திட்டித் தீர்த்தவர் அவர்.

"அப்ப அந்த ஊரே ஃபுட்போர்டு கேஸுதானா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 6.00. கடைசி முப்பது. முழங்கால் விறைத்திருந்தது, உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஞாயிறு என்பதால் டிப்பர் குறைவு. எச்சூரில் நான் விழுந்த இடத்தைக் கடக்கும்போது பெல் அடித்தேன். டீக்கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு, "இன்னிக்கு ரிவர்ஸ் எடுக்கலியா?" என்று சத்தம் போட்டார். திருக்கழுக்குன்றத்தில் அரை மணி நேரம் நின்றோம். திருமணி தாண்டி வல்லத்துக்கு வந்தபோது மணி 9.25, போனில் தொண்ணூற்றாறு. இன்னும் நாலே கிலோமீட்டர்.

அங்கேதான் பின்னால் 'கடகட' என்று ஒரு சத்தம் கேட்டது, அதைத் தொடர்ந்து என் வீட்டுக்காரர் குரல். திரும்பிப் பார்த்தால் அவர் நின்றுகொண்டிருந்தார். அந்த ஏழு கியரின் பின்பகுதி ஸ்போக்ஸுக்குள் போய் மாட்டி, கம்பிகளை வளைத்து, செயினையும் இழுத்து முறுக்கிவிட்டது. சக்கரம் அசையவில்லை. அவர் குனிந்து பார்த்தார், உதைத்துப் பார்த்தார், பஸ்ஸைத் திட்டுவது போலத் திட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் இருந்த சைக்கிள் கடை பூட்டியிருந்தது, அதை ஒட்டிய டீக்கடை மட்டும் திறந்திருந்தது.

அந்த நேரத்துக்கு என்றே அனுப்பியது போல பாபுவின் பஸ் வந்து பக்கத்தில் நின்றது.

"இன்னா பேஜாராப்பூட்ச்சா? சைக்கிள அந்த டீக்கடையில போட்டுட்டு ஏறுண்ணா. அண்ணி நீயும் ஏறு."

என் வீட்டுக்காரரின் ஒரு கால் படிக்கட்டை நோக்கிப் போனது. பழகின கால் அல்லவா? நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, "நீங்க ஏறுங்க. நான் ஓட்டிக்கினு வந்துடறேன். கயலுகிட்ட யாரு ஃபெயிலுன்னு சொல்றது, அத மட்டும் சொல்லிட்டு ஏறுங்க" என்றேன்.

கால் கீழே இறங்கியது. தள்ளிக்கொண்டு நடந்தாலும் கணக்கில் சேராது. அவர் போட்ட கட்டுப்பாடுகளே அவரைச் சுற்றிக் கட்டியிருந்தன. வெயிலில் முகம் சிவந்து நின்றவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

"சைக்கிள் மேல உக்காந்து கடக்கணும்னுதான் எழுதியிருக்கு" என்றேன். "எந்த சைக்கிள்னு எழுதல. எந்த சீட்டுன்னும் எழுதல."

இருபத்திரண்டு வருடம் பத்திரம் எழுதியவள் சும்மாவா எழுதியிருப்பேன்? அவர் என்னைப் பார்த்தார். என் கேரியரைப் பார்த்தார். பஸ்ஸுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த முப்பது முகங்களையும் பார்த்தார்.

உடைந்த சைக்கிளை அந்த டீக்கடையில் விட்டோம். கேரியரிலிருந்த இரண்டு பைகளையும் அவர் முதுகில் மாட்டினேன். முதல் தடவை அவர் உட்கார்ந்த பிறகு மிதித்தேன். எழுபத்தொரு கிலோ. சைக்கிள் இரண்டு பக்கமும் ஆடி, இருவரும் விழாமல் தப்பித்ததே பெரிது. பஸ்ஸில் யாரோ விசில் அடித்தார்கள்.

"அந்தம்மா சொன்ன மாதிரி ஓடியாந்து ஏறுங்க" என்றேன்.

"இந்த வயசுலயா?"

"அவங்களுக்கு எழுபது."

நான் மெல்லப் புறப்பட்டேன். பின்னால் செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடிவந்தது, கேரியரில் ஒரு கை பட்டது, சைக்கிள் ஒரு குலுக்குக் குலுக்கியது. பிறகு எடை வந்து சமமாக உட்கார்ந்தது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன். விழவில்லை. பின்னாலிருந்து கேரியர் கம்பியில் இரண்டு தட்டு விழுந்தது.

"ரைட்!" என்றார் என் வீட்டுக்காரர்.

ஓங்கி மிதித்தேன். பாபு எங்களைத் தாண்டும்போது ஹாரனை நிறுத்தவேயில்லை. முதல் கிலோமீட்டரில் தொடை எரிந்தது, இரண்டாவதில் மூச்சு இரைத்தது, மூன்றாவதில் ஒன்றும் தெரியவில்லை. ஊர் எல்லையில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் டூவீலரை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று சில்லென்று முகத்தில் பட்டது. பின்னால் அவர், "பள்ளம், பீச்சாங்கை ஒதுங்கு. மாடு, மாடு. ரைட்டு, போ!" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் எந்த வண்டியிலும் வீடு திரும்பியதில்லை.

காலை 10.05. வீட்டு வாசல். போனில் நூறு புள்ளி இரண்டு. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். நெதர்லாந்தில் சைக்கிளுக்கென்று சிவப்பு ரோடு போட்டிருக்கிறார்கள், கம்பத்துக்குக் கம்பம் நம்பர் வைத்திருக்கிறார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாக இருக்காது. நமக்கு இங்கே தார் விளிம்புதான் சைக்கிள் ரோடு, டீக்கடைக்காரரும் மீன்காரப் பெண்மணியும்தான் நம்பர் கம்பம். மே மாதம் அந்தச் சிவப்பு ரோட்டில் நான் போகும்போது கொஞ்சம் மிதப்பாகவே ஓட்டுவேன் என்று நினைக்கிறேன். எச்சூர் ரோட்டில் ஓட்டியவள் நான், எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

மதியம் பன்னிரண்டரைக்குக் கயல் கூப்பிட்டாள். அங்கே எட்டு மணி. "அம்மா, முடிச்சிட்டியா? கடைக்குச் சொல்லணும். ஒண்ணா, ரெண்டா?"

போனை அவரிடம் நீட்டினேன். அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே வாங்கினார்.

"ரெண்டு போடும்மா" என்றார். பிறகு சுவரில் சாய்ந்திருந்த என் சைக்கிளைப் பார்த்தபடியே சொன்னார். "அம்மா வண்டில கேரியர் கெட்டியா கீதான்னு மட்டும் பாத்துக்க. நான் ஓடியாந்து ஏறணும்."